பிரைட்டன் ரயில் ஏன் குராய்டனில் மாட்டிக்கொள்கிறது?

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் பிரைட்டனிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். அவர்கள் ஏறும் ரயில்களை நடத்தும் நிறுவனம் தனியாரிடமிருந்து அரசிடம் போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. இனி வண்டி நேரத்துக்கு வரும், கட்டணமும் குறையும் என்றார்கள் சிலர். அரசு எடுத்தால் இருப்பதும் கெட்டுவிடும் என்றார்கள் மற்றவர்கள். தாமதத்துக்குக் காரணம் வண்டி ஓட்டும் நிறுவனம்தான் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

அதில் உண்மை கொஞ்சம்தான். பெரிய காரணம் லண்டன் நடுவிலிருந்து 16 கி.மீ. தெற்கே, குராய்டனில், தண்டவாளமாகத் தரையில் கிடக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் தாமதம், கட்டணம், அரசுடைமை ஆகிய மூன்று செய்திகளையும் தனித்தனியாகப் பிரித்துப் படிக்க முடியும்.

82 கி.மீ., ஒரு மணி நேரம்

பிரைட்டனுக்கும் லண்டனுக்கும் நடுவே 82 கி.மீ. குறுக்கே மூன்று மேட்டு நிலங்கள். 1841 செப்டம்பரில் முழுப் பாதையும் திறந்தபோது, பொறியாளர் ஜான் ராஸ்ட்ரிக் மேட்டைச் சுற்றிப் போகாமல் மெர்ஸ்தம், பால்கம், கிளேட்டன் ஆகிய இடங்களில் நேராகக் குடைந்துவிட்டிருந்தார். ஊஸ் பள்ளத்தாக்கின் மேல் 37 வளைவுகளோடு நிற்கும் செங்கல் பாலமும் அப்போது கட்டியதுதான். இன்றைய மின்சார வண்டிகளும் அதன் மேல்தான் ஓடுகின்றன.

குதிரை வண்டியில் அரை நாள் பிடித்த பயணம் ரயிலால் சுருங்கியது. முதலில் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்க வந்த கூட்டம். கடலோரத்தில் குடியிருந்து லண்டனில் வேலை பார்ப்பவர்கள் அப்புறம் பெருகினார்கள். 1933 ஜனவரி 1 அன்று பிரைட்டன் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அந்த வாழ்க்கை முறை நிலைத்துவிட்டது.

இதில் வேடிக்கையான ஒரு கணக்கு உண்டு. 1908இல் நீராவி இன்ஜின் இழுத்த 'சதர்ன் பெல்' என்ற சொகுசு வண்டி லண்டன் விக்டோரியாவிலிருந்து பிரைட்டனுக்கு 60 நிமிடத்தில் போனது. 1933இல் மின்சார வண்டிக்கும் அதே 60 நிமிடம். இன்றும் வேகமான வண்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழைய வண்டி நடுவில் எங்கும் நிற்கவில்லை, இன்றைய வண்டிகள் கிளாப்பம் சந்திப்பு, கிழக்கு குராய்டன், காட்விக் விமான நிலையம் என்று நின்று போகின்றன, அது சரி. இருந்தாலும் நூறு வருடத்துக்கு மேலாகியும் நேரம் குறையாததற்கு வண்டியின் வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மணிக்கு 145 கி.மீ. வரை போகத் தடமும் வண்டியும் தயார். முன்னால் போகும் வண்டி வழிவிட வேண்டுமே.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று சொற்கள்

1. பிளாக். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டியை விடுவது. முன்னால் போன வண்டி வெளியேறும்வரை பின்னால் வரும் வண்டிக்குச் சிவப்பு.

இந்த விதி எதற்காக வந்தது என்பதற்கு இதே பாதையே சாட்சி. 1861 ஆகஸ்ட் 25, ஞாயிறு காலை. பிரைட்டனிலிருந்து 8.28, 8.31, 8.35 என மூன்று வண்டிகள் அடுத்தடுத்துக் கிளம்பின. வண்டிக்கும் வண்டிக்கும் ஐந்து நிமிட இடைவெளி விடவேண்டும் என்பதுதான் அன்றைய விதி. அதையே யாரும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. முதல் வண்டி கிளேட்டன் சுரங்கத்துக்குள் போன பிறகு கைகாட்டி தானாகச் சிவப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. சுரங்க வாசலில் இருந்த சிக்னல் காவலர் அவசரமாகச் சிவப்புக் கொடியைக் காட்ட, உள்ளே நுழைந்துவிட்ட இரண்டாவது வண்டி நடுச் சுரங்கத்தில் நின்று பின்னோக்கி வரத் தொடங்கியது. மறுமுனையிலிருந்து 'சுரங்கம் காலி' என்று தந்தி வந்தது. அது முதல் வண்டியைப் பற்றிய செய்தி. காவலரோ இரண்டாவது வண்டி போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு மூன்றாவதை உள்ளே விட்டார். 23 பேர் இறந்தார்கள், 176 பேர் காயமடைந்தார்கள். நேர இடைவெளியை நம்பி ஓட்டும் முறை போய், தூரத்தைத் துண்டுபோட்டுக் காக்கும் பிளாக் முறை பரவுவதற்கு இந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

2. இடைவெளி. பாதுகாப்பாக இரண்டு வண்டிகளை அடுத்தடுத்து விடத் தேவையான குறைந்தபட்ச நேரம். இது மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி ஒரு தடத்தில் மணிக்கு 20 வண்டி விடலாம். நடைமுறையில் அப்படி விட்டால் ஒரு வண்டி ஒரு நிமிடம் பிந்தினாலும் பின்னால் வரும் எல்லாமே பிந்தும். அதனால் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விட்டுத்தான் அட்டவணை போடுவார்கள். பிரைட்டன் பாதையின் சிக்கலான இடங்களில் அந்த வெற்றிடம் மிகக் குறைவு.

3. நிற்கும் நேரம். நடைமேடையில் கதவு திறந்து, ஆள் இறங்கி ஏறி, கதவு மூடும்வரை ஆகும் நேரம். காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு நிலையத்திலும் இருபது விநாடி கூடுதலாக நின்றால், ஆறு நிலையத்தில் இரண்டு நிமிடம் போய்விடும். லண்டனைக் குறுக்கே கடந்து போகும் தேம்ஸ்லிங்க் சேவைக்கு 2016 முதல் வந்த 700 வகை வண்டிகளில் அகலமான கதவும் நிற்பதற்கு நிறைய இடமும் வைத்தது இதற்காகத்தான். அந்த வண்டிகளின் இருக்கையை 'இஸ்திரிப் பலகை' என்று பயணிகள் வைவது உண்டு. வசவு நியாயமானதே. ஆனால் கதவைப் பற்றிய முடிவு சரியான முடிவு.

குராய்டன் முடிச்சு

குராய்டன் தெற்கு லண்டனில் தமிழர் நிறையப் பேர் வாழும் பகுதி. பலருக்கு அது கடையும் கோயிலும் உறவினர் வீடும் இருக்கும் ஊர். ரயில்வேக்காரர்களுக்கு அது வேறு விதமான பெயர்.

விஷயம் இப்படி:

1. பிரைட்டன் பாதைக்கு லண்டனில் இரண்டு வாசல்கள். மேற்கே விக்டோரியா, கிழக்கே லண்டன் பிரிட்ஜ். தேம்ஸ்லிங்க் வண்டிகள் லண்டன் பிரிட்ஜ் வழியாக நகரத்தின் அடியில் புகுந்து வடக்கே போய்விடுகின்றன.

2. இரண்டு வாசல்களிலிருந்தும் நான்கு நான்காக வரும் தடங்கள் கிழக்கு குராய்டன் நிலையத்துக்குச் சற்று வடக்கே, விண்ட்மில் பிரிட்ஜ் சந்திப்பில் கூடுகின்றன. அதைச் சுற்றி முக்கோணமாகத் தடங்கள் பின்னிக் கிடப்பதால் அந்த இடத்துக்கு செல்ஹர்ஸ்ட் முக்கோணம் என்று பெயர்.

3. அங்கே பல தடங்கள் ஒரே மட்டத்தில் குறுக்கே வெட்டுகின்றன. சாலையில் மேம்பாலம் இல்லாத நாற்சந்தி மாதிரி. ஒரு வண்டி குறுக்கே கடந்தால் எதிரே வருவது, பக்கத்தில் வருவது எல்லாம் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடக்கும் அமைப்பு இருக்கிறது, ஆனால் போதவில்லை.

4. அதைத் தாண்டியதும் கிழக்கு குராய்டன் நிலையம். மொத்தம் ஆறு நடைமேடைகள். பிரைட்டன், ஈஸ்ட்போர்ன், வொர்திங், ஹார்ஷம், ஈஸ்ட் கிரின்ஸ்டெட், அக்ஃபீல்டு என்று தெற்கே எங்கே போகும் வண்டியானாலும் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றைத் தொட்டாக வேண்டும்.

5. ஆக, கடலோரத்துப் பல ஊர்களின் காலைக் கூட்டமும் காட்விக் விமானப் பயணிகளும் புறநகர்க் கூட்டமும் ஒரே புனலுக்குள் இறங்குகிறார்கள்.

இந்தப் பாதை சாதாரண நாளில் ஓரளவு ஒழுங்காக ஓடுவதையும், ஒரே ஒரு வண்டி பழுதானால் மாலைவரை தேறாமல் போவதையும் இந்த ஐந்து வரிகள் விளக்கிவிடும். புனலின் வாய் எவ்வளவு அகலமாக இருந்து என்ன, கழுத்துதானே அளவு.

கடல் பக்கம் இன்னொரு இறுக்கம்

லண்டனிலிருந்து பால்கம் சுரங்கத்துக்குச் சற்று முன்புவரை நான்கு தடங்கள். வேக வண்டி ஒரு ஜோடியில், நின்று நின்று போகும் வண்டி இன்னொரு ஜோடியில். பால்கமுக்குத் தெற்கே சுரங்கமும் ஊஸ் பாலமும் இரண்டு தடத்துக்கே கட்டியவை. ஹேவர்ட்ஸ் ஹீத் போன்ற ஓரிரு இடங்களில் ஒதுங்கி வழிவிடலாம், மற்றபடி பிரைட்டன்வரை இரட்டைப் பாதைதான். முன்னால் ஒரு மெதுவான வண்டி போனால் பின்னால் வரும் வேக வண்டி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு கீமர் சந்திப்பு. லூயிஸ் பக்கமிருந்து லண்டன் வரும் வண்டி, பிரைட்டன் நோக்கிப் போகும் தடத்தைக் குறுக்கே வெட்டித்தான் பிரதான பாதையில் ஏற முடியும். ஈஸ்ட்போர்ன் வண்டி தாமதமாக வந்தால் அதில் ஏறாத பிரைட்டன்காரரும் காத்திருக்கிறார்.

தடத்தைப் பராமரிப்பதற்கும் இதே நெருக்கடி. இரண்டே தடம் என்பதால் ஒன்றை மூடிவிட்டு மற்றதில் முழுச் சேவையும் ஓட்ட முடியாது. அதனால்தான் 2018 அக்டோபரிலும் 2019 பிப்ரவரியிலும் திரீ பிரிட்ஜஸுக்குத் தெற்கே ஒவ்வொரு தடவையும் ஒன்பது நாள் பாதையை மூடிவிட்டு, சுரங்கத்தில் கசியும் தண்ணீர், பழைய சிக்னல், தேய்ந்த தண்டவாளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடும் வழக்கமும் இங்கிருந்து வருவதுதான்.

கேம்பிரிட்ஜில் கெட்டது பிரைட்டனில் வலிக்கிறது

1988இல் லண்டனின் அடியில் பழைய சுரங்கம் ஒன்றைத் திரும்பத் திறந்து, வடக்கையும் தெற்கையும் ஒரே வண்டியில் இணைத்தார்கள். அதுதான் தேம்ஸ்லிங்க். இன்று பெட்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய ஊர்களிலிருந்து வண்டி மாறாமல் பிரைட்டன் வரலாம். பயணிக்கு வசதி. அட்டவணை போடுபவருக்குத் தலைவலி, ஏனென்றால் இப்போது வடக்கே உள்ள கோளாறும் தெற்கே வந்து சேரும். நகரத்தின் நடுப்பகுதியில் மணிக்கு 24 வண்டி, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று என்று திட்டமிட்டார்கள். மனிதக் கை போதாது என்று அந்தப் பகுதியில் வண்டி தானாக ஓடும் ஏற்பாடும் செய்தார்கள்.

2018 மே 20 அன்று புதிய அட்டவணை அமலுக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பாதை அட்டவணை மிகத் தாமதமாக முடிவானது. எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எந்தத் தடத்தில் ஓட்டுவது என்று ஒதுக்க நேரம் போதவில்லை. பிரிட்டனில் ஒரு தடத்தின் வளைவு, சிக்னல், வேகக் கட்டுப்பாடு எல்லாம் கற்றுத் தேறிய ஓட்டுநர்தான் அதில் ஓட்டலாம். வண்டி இருந்தது, தடம் இருந்தது, அந்தத் தடம் தெரிந்த ஆள் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் இல்லை. வாரக்கணக்கில் ரத்து மேல் ரத்து.

அதற்கு முன் 2016இல், இதே பாதையில் வண்டி விடும் சதர்ன் சேவையில் நடந்த வேலைநிறுத்தம் வேறு வகை. வண்டிக் கதவை மூடும் பொறுப்பு கார்டிடமிருந்து கேமரா உதவியோடு ஓட்டுநரிடம் போகலாமா என்ற தகராறு அது. அந்த டிசம்பரில் சில நாள் சதர்ன் வண்டி ஒன்றுகூட ஓடவில்லை. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் நிறுவனத்துக்கும் மேலே இருந்த அமைச்சகத்துக்கும் பங்கு உண்டு. நிர்வாகத்தால் வரும் தாமதம் என்று ஒன்று இருக்கவே செய்கிறது. ஆனால் முடிச்சால் வரும் தாமதம் நல்ல நிர்வாகத்திலும் வரும்.

மூன்றாவது தண்டவாளம்

இங்கே மின்சாரம் மேலே கம்பியில் வருவதில்லை. ஓரமாகத் தரையில் கிடக்கும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரமாக வருகிறது. கம்பியில் வரும் 25,000 வோல்ட்டோடு ஒப்பிட்டால், அதே சக்தியைக் கொடுக்க ஏறக்குறைய 33 மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதனால் சில கி.மீ.க்கு ஒரு துணை மின்நிலையம் வைத்தாக வேண்டும், கனமான வண்டிகளைக் கணக்கில்லாமல் விடவும் முடியாது. குளிர்காலத்தில் அதன் மேல் பனி உறைந்தால் வண்டிக்கு மின்சாரமே எட்டாது.

அரசு எடுத்தால் எது மாறும்?

ரயில் என்று பொதுவாகச் சொல்வதை உரிமை பார்த்து மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

1. தண்டவாளம், சிக்னல், பாலம், சுரங்கம் எல்லாம் நெட்வொர்க் ரயில் என்ற நிறுவனத்துடையவை. 2014 முதல் அது அதிகாரபூர்வமாகவே பொதுத்துறை. குராய்டன் முடிச்சு ஏற்கெனவே அரசுடையது என்று அர்த்தம்.

2. வண்டிப் பெட்டிகள் குத்தகை நிறுவனங்களுக்குச் சொந்தம். அரசுடைமை ஆனாலும் வாடகை தொடரும்.

3. வண்டியை ஓட்டுவது, ஆள் வைப்பது, டிக்கெட் விற்பது ஆகியவை கோவியா தேம்ஸ்லிங்க் ரயில்வே என்ற நிறுவனத்திடம் 2014 செப்டம்பரில் வந்தன. அடுத்த ஆண்டு சதர்னும் காட்விக் எக்ஸ்பிரஸும் அதோடு சேர்ந்தன. ரயில் சேவைகளை அரசுடைமையாக்க 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம் தொடுவது இந்த மூன்றாவது பகுதியைத்தான். அதன்படி 2025 மே மாதம் தென்மேற்கு ரயில் சேவை முதலில் அரசிடம் வந்தது. கோவியாவுக்கு 2026 மே 31 என்று நாள் குறித்தார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம். கோவியாவின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே மற்ற நிறுவனங்களுடையதைப் போல இல்லை. டிக்கெட் பணம் அரசுக்குப் போகும், நடத்திக் கொடுப்பதற்கு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொள்ளும். கூட்டம் குறைந்தால் நஷ்டம் அரசுக்குத்தான். ஆகவே 'பயணிகள் பணம் தனியார் பைக்குப் போகிறது' என்ற கோபம் மற்றப் பாதைகளில் பொருந்திய அளவுக்கு இங்கே பொருந்தவில்லை. நிறுவனத்தின் லாபப் பங்கு மிச்சமாகும், தடத்துக்கும் வண்டிக்கும் பொறுப்பு ஒரே கூரையின் கீழ் வரும்போது யார் மேல் தப்பு என்ற வாதத்துக்கான வக்கீல் செலவும் குறையலாம். வண்டி எண்ணிக்கையைக் கூட்ட அது போதாது.

கட்டணம் தனிக் கதை

லண்டன் நடுவிலுள்ள முனையங்கள்வரை போகலாம் என்ற வருட சீசன் டிக்கெட் பிரைட்டனிலிருந்து 5,000 பவுண்டுக்கு மேல். வாரச் சீசன் விலையை 40ஆல் பெருக்கினால் வருடச் சீசன் விலை. ஆக 52 வாரத்தில் 12 வாரம் இலவசம், ஆனால் மொத்தப் பணத்தையும் முன்னால் கட்ட வேண்டும். தேம்ஸ்லிங்க் வண்டியில் மட்டும் ஏறலாம் என்ற டிக்கெட் மலிவு. எந்த வண்டி வந்தாலும் ஏறும் பழக்கம் உள்ளவருக்கு அந்த மலிவு ஒரு கண்ணி, பக்கத்து நடைமேடையில் விக்டோரியா வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

சீசன் டிக்கெட் விலையின் உச்சவரம்பை நிர்ணயிப்பது நிறுவனம் அல்ல, அரசு. 2025இல் 4.6 சதவீதம் ஏறியதும், 2026இல் ஏறாது என்று அறிவித்ததும் அமைச்சகத்தின் முடிவுகள். உரிமை மாறாமலே ஏற்றலாம், மாறிய பிறகும் ஏற்றலாம்.

கொரோனாவுக்குப் பிறகு தினமும் அலுவலகம் போகாதவர்களுக்காக 2021 ஜூனில் ஒரு சீசன் வந்தது. 28 நாளில் எட்டு நாள் போகலாம். வாரம் இரண்டு நாள் போகிறவருக்குப் பொருந்தும். மூன்று நாள் போகிறவர் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அவிழ்க்கும் திட்டம்

முடிச்சை அவிழ்க்க ஒரு திட்டம் வரைந்தாயிற்று. கிழக்கு குராய்டன் நிலையத்தைச் சற்று வடக்கே நகர்த்தி எட்டு நடைமேடைகளாக்குவது, செல்ஹர்ஸ்ட் முக்கோணத்தில் குறுக்கே வெட்டும் தடங்களை மேலும் கீழுமாகப் பிரிப்பது. மக்களிடம் கருத்தும் கேட்டார்கள். கொரோனாவில் பயணிகள் கூட்டம் சரிந்து, அரசின் செலவுத் திட்டங்கள் சுருங்கியபோது அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. கூட்டம் குறைந்தது உண்மைதான், திங்களும் வெள்ளியும் முன்போல இல்லை. ஆனால் செவ்வாய் முதல் வியாழன்வரை உள்ள உச்ச நேரத்தைத் தாங்கும்படிதான் தடம் இருக்க வேண்டும். சராசரிக் கூட்டத்தைக் காட்டி இதைத் தள்ளிப்போட்டது என் பார்வையில் தவறான சிக்கனம்.

இதற்கு மாற்றாக அடிக்கடி பேசப்படுவது, 1969இல் மூடிய லூயிஸ்–அக்ஃபீல்டு தடத்தைத் திரும்பப் போட்டு இரண்டாவது பாதை அமைப்பது. பால்கம் சுரங்கத்திலோ ஊஸ் பாலத்திலோ வண்டி நின்றுவிட்டால் சுற்றிவர ஒரு வழி கிடைக்கும், நல்ல யோசனை. ஆனால் இன்றைய அக்ஃபீல்டு வண்டிகள் டீசலில் ஓடி வந்து தெற்கு குராய்டனில் பிரதான பாதையோடு சேர்ந்து, அதே கிழக்கு குராய்டன் வழியாகத்தான் லண்டன் பிரிட்ஜ் போகின்றன. லண்டனுக்குள் நுழையத் தனி வழி கட்டாமல் அந்தத் தடத்தைத் திறந்தால் புனலில் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றியதாகும்.

தண்ணீர் வேறு பக்கமிருந்தும் வரப்போகிறது. காட்விக் விமான நிலையத்தின் வடக்கு ஓடுபாதையை முழுநேரப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர 2025 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு ஒப்புதல் தந்தது. விமான நிலைய ரயில் நிலையத்தை 2023லேயே அகலமான நடைமேடைகளோடு புதுப்பித்துவிட்டார்கள். அங்கே பெட்டி படுக்கையோடு ஏறுபவர்களுக்கு லண்டன் போக நேர்வழி ஒன்றுதான், அது விண்ட்மில் பிரிட்ஜ் சந்திப்பு வழியாகப் போகிறது.